பதுங்குகுழியை மூடச் சொன்னவன்

மதுரையில் என்னிடம் முதலில் பேச்சுக் கொடுத்தவர் விமான நிலையத்துக்கு வெளியே நின்ற ஓர் ஆட்டோக்காரர். பசுமலைக்குப் போக வேண்டும் என்று நான் சொன்ன விதத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சாருக்குக் கேரளாவா?" என்றார். இலங்கை என்றேன். அதற்குப் பிறகு அவர் சாலையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

"அங்கெல்லாம் சண்டை முடிஞ்சிருச்சுல்ல சார்?"

"முடிஞ்சு கனகாலம்."

"அப்பச் சமாதானமா இருக்கீகன்னு சொல்லுங்க."

எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் சமாதானம் என்ற பெயரோடு ஒரு காலம் இருந்தது. அப்போது சண்டை முடிந்திருக்கவில்லை. பிறகு சண்டை முடிந்தது. அதை யாரும் சமாதானம் என்று சொல்லவில்லை. இதை அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பசுமலை போய்ச் சேர்ந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அது விளங்கியபாடில்லை.

எதற்கு வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வன்னியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவன். யுத்த நிறுத்தம் வந்து, பாதை திறந்து, வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளை வாகனங்களில் வந்து இறங்கிய காலத்தில் ஊருக்கு ஊர் சமாதானக் குழு அமைத்தார்கள். எங்கள் ஊர்க் குழுவுக்கு நான் தலைவர். பெரிய தாளும் கலர்ப் பேனையும் கொடுத்து எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். நம்பிக்கையை வளர்க்க ஒவ்வோர் ஊரும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். சில ஊர்களில் மரம் நட்டார்கள். நான் பதுங்குகுழிகளை மூடச் சொன்னேன்.

அப்போது வன்னியில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு பதுங்குகுழி இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதற்குள் இறங்க வேண்டும். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருக்கும். மழைக்காலத்தில் பாம்பு வந்து படுக்கும். அதை மூடுவதைவிட நல்ல காரியம் ஒன்று இருக்க முடியும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

என் தம்பி தாசன் அப்போது இந்தப் பக்கம், திருமங்கலத்தைத் தாண்டி ஓர் அகதி முகாமில் குடும்பத்தோடு இருந்தான். முகாமுக்கு எதிரே இருந்த தேநீர்க்கடைக்குத் தொலைபேசி எடுத்து, அவனைக் கூப்பிடச் சொல்லி, "வா, இனிப் பயமில்லை" என்றேன். அவனும் மனைவி மணியும் மகன் ஜோயலும் வந்தார்கள்; அவர்கள் குடியேறிய வீட்டு முற்றத்தில் இருந்த குழியையும் மூடச் செய்தேன். மகள் ரூபிக்கு அப்போதுதான் முகாமிலேயே கல்யாணமாகியிருந்தது, அவள் வரவில்லை. சில வருடங்களில் யுத்தம் திரும்பி வந்தது. தாசன் வீட்டில் குண்டு விழுந்தபோது மூன்று பேரும் வீட்டுக்குள் இருந்தார்கள். ஓடிப் போய் இறங்க அவர்களுக்குக் குழி இல்லை.

அவர்கள் இறந்தது ரூபிக்குத் தெரியும். அங்கே ஒரு குழி இருந்ததும், அதை மூடச் சொன்னது நான் என்பதும் தெரியாது. இத்தனை வருடமாக நான் சொல்லவில்லை. போன மாதம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறவர்களின் பெயரை எழுத முகாமுக்கு அதிகாரி வரப்போகிறாராம். போனால் போனதுதான், முகாமுக்குத் திரும்ப முடியாது. "பெரியப்பா, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் வா எண்டால் வாறம்," என்றாள். ‘வா’ என்ற அந்தச் சொல்லை என்னிடம் கேட்க மிச்சமிருக்கும் ஆள் அவள்தான். நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பசுமலையில் ஜெபமணி வீட்டில் தங்கினேன். நான் மதுரையில் கல்லூரியில் படித்தபோது எனக்கு இரண்டு வகுப்பு இளையவர். பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ராணி இட்லியோடு நாலு விதமான சட்னி வைத்தார். எங்கள் ஊரில் ஒரு சம்பலை அரைத்து வைத்துவிட்டு, காரம் தாங்காதவன் தேத்தண்ணி குடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். நான் படித்த காலத்து விடுதியிலும் ஒரு சட்னிதான். இங்கே எந்தச் சட்னியை எந்தத் துண்டுக்குத் தொடுவது என்று தெரியாமல் நான் தடுமாறியதைப் பார்த்து ஜெபமணி, "பரீட்சையா எழுதுறீக அண்ணே, சும்மா பிசைஞ்சு அடிங்க," என்றார்.

நான் வந்த காரணத்தை அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து கையைக் கழுவினார். "நானும் சமாதானக் கமிட்டி மெம்பர்தான்ணே," என்றார். இந்தப் பக்கம் திருவிழா, கண்மாய்த் தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று எதற்காவது இரண்டு ஊர் முறைத்துக்கொண்டால், வட்டாட்சியர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானக் கூட்டம் போடுவாராம். பொது மனிதர் என்று இவரையும் கூப்பிடுவார்களாம்.

"என்ன செய்வீங்கள்?"

"டீ குடிப்போம். பிஸ்கட்டுத் தருவாக. கையெழுத்துப் போடுவோம்."

"பிஸ்கட்டுக்காகத்தான் போறாரு," என்றார் ராணி. "தாலுகா ஆபீஸ்ல இருந்து ஃபோன் வந்துச்சுன்னா இவருக்கு முட்டிவலியே போயிரும்."

மறுநாள் முகாமுக்குப் போவதாக இருந்தது. காலையில் எழுந்ததும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஜெபமணி வெளியே போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினேன். ஒளிந்துகொள்ளப் போகும் பிள்ளையைப் போலத்தான் போனேன்.

பஸ்ஸில் ஒரு ஜன்னலோர இருக்கைக்கு இரண்டு பேர் சண்டை. ஒருவர் துண்டைப் போட்டு வைத்திருந்தாராம். மற்றவர் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். வார்த்தை தடித்து, அப்பன் ஆத்தாள் வரை போனது. நடுவே நின்ற ஒரு பருத்த மனிதர், "ரெண்டு பேரும் மொதல்ல எந்திரிங்கப்பா, நிதானமாப் பேசுவோம்," என்றார். உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். பருத்த மனிதர் அந்த இடத்தில் உட்கார்ந்து, "ம், இப்பச் சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சண்டை போட்ட இருவரும்கூடச் சிரித்தார்கள். பிறகு அந்த இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதரைத் திட்டியபடியே வந்தார்கள்.

அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். இறங்கி வேறு பஸ் பிடித்தேன். அது என்னைக் கோச்சடையில் கொண்டுபோய் விட்டது. அங்கே வைகையைப் பார்த்தேன். மணல், நாணல், நடுவில் ஓர் ஓடை அளவுக்குத் தண்ணீர், அதில் நாலு எருமை. பாலம் மட்டும் பெரிய ஆற்றுக்குக் கட்டியதுபோல இருந்தது. தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார்கள். பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் எடுத்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சுகிறார்கள். சுக்கு வாசம். இரண்டு குவளை குடித்தேன். பசுமலைக்குப் பஸ் எங்கே என்று கேட்டதற்கு, "இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீக?" என்று விற்றவர் கேட்டார். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாக்குச் சொல்ல முடியவில்லை. ஜெபமணி தன் பழைய காரை வெளியே எடுத்துவிட்டார். கிளம்பும் நேரத்தில் அவருக்குத் தொலைபேசி வந்தது. திருமங்கலத்தில் சமாதானக் கூட்டம்.

"வழியிலதான்ணே இருக்கு. நீங்களும் வந்து ஒக்காருங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச தொழில்தான?" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னதன் பாரம் அவருக்குத் தெரிந்தது. வழி முழுவதும் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

வட்டாட்சியர் ஓர் அம்மா, அவசரத்தில் இருந்தார். மேசையின் இந்தப் பக்கம் ஐந்தாறு பேர், அந்தப் பக்கம் ஐந்தாறு பேர். ஒரே கண்மாயின் மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர். கால்வாயில் தண்ணீர் விடப்போகிறார்கள். கண்மாய் நிறைந்ததும் யார் மடையை முதலில் திறப்பது என்று தகராறு. போன வருடம் ஒருவருக்கு மண்டை உடைந்திருக்கிறது. அவரும் வந்து, தழும்பு தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மடைச் சாவி இனிமே இந்த ஆபீஸ்ல இருக்கும். எங்க ஆளுதான் வந்து திறப்பாரு. ரெண்டு ஊர்க்காரங்களும் மடைப் பக்கம் போகக் கூடாது. சம்மதமா?" என்றார் வட்டாட்சியர்.

"சம்மதம்மா," என்றது ஒரு பக்கம்.

"அவிங்க சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம். அவிங்க மாத்திப் பேசுனா நாங்களும் மாத்திப் பேசுவோம்," என்றது மறுபக்கம்.

கையெழுத்தானது. டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. வெளியே வந்ததும் மேற்கூர்ப் பெரியவர் ஒருவர், பச்சைத் துண்டு போட்டவர், தன் ஆள் ஒருவனிடம், "ராசு, இன்னைக்கே மடையில காவலுக்கு ஆள் போட்டுரு," என்று சொல்வது என் காதில் விழுந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஐயா, இப்பதானே கையெழுத்துப் போட்டனீங்கள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டோம். கையெழுத்துப் போட்டா அவிங்கள நம்பணுமா என்ன?"

"நம்பாட்டில் ஏன் போட்டனீங்கள்?"

"போடலைன்னா வெட்டிக்கிருவோம்ல," என்றார், பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஜெபமணியின் கார் கிளம்ப மறுத்தது. மேற்கூர்க்காரர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். வாசல் மேடு வரை வந்து நின்றுவிட்டது. அங்கே நின்ற கிழக்கூர் இளைஞர்களை ஜெபமணி கூப்பிட்டார். "சார், அவிங்க கை வச்ச வண்டியில நாங்க கை வைக்க மாட்டோம். ஒங்களுக்காக வேணா ஆட்டோ பிடிச்சுத் தாரோம்," என்றான் ஒருவன். "ஏண்டா, ரெண்டு ஊர்ப் பயலுகளையும் ஒரே பெஞ்சுல ஒக்கார வச்சுத்தானடா அடிச்சேன்!" என்று ஜெபமணி கத்தினார். "அதான் சார் பகை," என்றான் அவன். கடைசியில் வட்டாட்சியர் அலுவலக ஓட்டுநர்தான் வந்து தள்ளினார்.

காரில் போகும்போது பச்சைத் துண்டுக்காரர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு கைம்பெண், மூன்று பிள்ளைகளோடு இருந்தவர், குழியை மூடமாட்டேன் என்றார். "சமாதானம் வரட்டும் சேர். நல்லது. குழி அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, இப்படி நம்பிக்கையில்லாத ஆட்களால்தான் இந்த நாடு நாசமாகிறது என்று நான் பேசினேன். அவர் அழுதார். ஆனால் மூடவில்லை. அவரும் பிள்ளைகளும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவர் பக்கம் நியாயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எல்லோரும் அவரைப் போலக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் சமாதானம் எப்போது வரும்? பச்சைத் துண்டுக்காரரின் சமாதானம் அடுத்த தண்ணீர் வரை தாங்கும். அடுத்த வருடம் மறுபடி டீ, மறுபடி பிஸ்கட். அது போதுமா? போதும் என்றால் நாங்கள் ஏன் அவ்வளவு பெரிதாக ஆசைப்பட்டோம்? ஜெபமணியைக் கேட்டேன். "இந்த வருசம் மண்டை ஒடையலன்னா எனக்கு அம்புட்டுதான்ணே வேணும். அதுக்கு மேல யோசிச்சா பி.பி. ஏறும்," என்றார்.

முகாம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. வாசலில் ஒரு போலீஸ்காரர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார். பழைய ஓட்டு வரிசைகள் ஒருபுறம், அரசாங்கம் புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் ஒருபுறம். ரூபிக்குப் புது வீடு கிடைத்திருந்தது. அவள் கணவன் ரவி பெயிண்டர். இந்த முகாமில் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டர்கள்தான். மதுரையில் கே.கே. நகர் வீடுகளுக்கெல்லாம் வர்ணம் அடிக்கிறவன், தன் வீட்டு ஒரு சுவரில் மட்டும் ஐந்தாறு மிச்ச வர்ணங்களைப் பட்டை பட்டையாக அடித்து வைத்திருந்தான்.

ரூபி வாசலுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மெலிஞ்சு போனியள் பெரியப்பா," என்றாள். அவள் முகத்தில் தாசனின் நெற்றி இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் பக்கத்தில் நின்ற ரவியைப் பார்த்தேன்.

மாலையில் நான் பஸ்ஸில் வந்துகொள்வேன் என்றதும் ஜெபமணி போய்விட்டார். ரூபியின் ஒரே மகள் டிலானி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னிடம் எங்கள் ஊர்த் தமிழில் பேசினாள். வாசலுக்கு வந்த தோழியிடம், "நீ முன்னால போடி, நான் வாரேன்," என்று திரும்பினாள். அவள் எப்போது எந்தப் பேச்சுக்கு மாறுகிறாள் என்று பார்ப்பதே வேடிக்கையாக இருந்தது.

"தாத்தா, அங்க போனா நான் ப்ளஸ் டூவ எங்க வச்சு எழுதுறது? அங்க வேற சிலபஸ்தானே?"

"ஓம், வேறதான்."

"நான் கதைக்கிறது அவையளுக்கு விளங்குமோ? இங்க ஸ்கூல்ல என்னைச் சிலோன்காரிங்கிறாக. அங்க போனா இந்தியாக்காரிம்பாங்க."

"இவளுக்கு எங்க போனாலும் வாய்தான்," என்றான் ரவி.

ரூபி புட்டும் மீன் குழம்பும் வைத்தாள். குழம்பில் இந்த ஊர்ப் புளி கூடுதல். ஆனால் தேங்காய்ப்பால் எங்கள் அளவு. நான் நாலு வாய் சாப்பிட்டதும் அவள் கேட்டாள். "நாளைக்கு ஆர்.ஐ. வாறார். பேர் குடுக்கிறதோ? இவர் போவம் எண்டுறார். இங்க இருந்தால் காலம் முழுக்க அகதிதான் எண்டுறார். இவள் மாட்டன் எண்டுறாள். நான் உங்களை நம்பித்தான் இருக்கிறன்." ஆர்.ஐ. என்பவர் முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளர்.

"அதுக்கு முன்னம் நான் ஒண்டு சொல்லவேணும்," என்றேன்.

சொன்னேன். குழு, வகுப்பு, குழிகள், நான் தேநீர்க்கடைக்கு எடுத்த தொலைபேசி, எல்லாம். புட்டுப் பிசைந்த கையோடுதான் சொன்னேன். டிலானி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். ரவி சுவரைப் பார்த்தான்.

ரூபி கேட்ட முதல் கேள்வி நான் பயந்திருந்த கேள்விதான். "திரும்பச் சண்டை துவங்கினாப் பிறகு மற்றச் சனம் குழி வெட்டேல்லையோ?"

"வெட்டினது. இரவில வெட்டினது, எனக்குத் தெரியாமல்."

"அப்பா?"

"கேட்டவன். 'அண்ணை, வெட்டுவமோ?' எண்டு கேட்டவன். நான், 'பொறு, ரெண்டு பக்கமும் இன்னும் கதைச்சுக்கொண்டுதானே இருக்கினம்' எண்டன். குழுத் தலைவரின்ர தம்பி வீட்டு முற்றத்தில மண் குவிஞ்சு கிடந்தால் சனம் என்ன நினைக்கும் எண்டு அவனும் பேசாமல் விட்டுட்டான். எனக்கு மரியாதை போயிடும் எண்டு."

"உங்கட வீட்டில?"

"என்ர வீட்டிலயும் மூடித்தான் இருந்தது. அண்டைக்கு நான் வீட்டில இல்லை. கூட்டத்துக்குப் போயிருந்தன்."

"என்ன கூட்டம்?"

"சமாதானக் குழுக் கூட்டம்."

ரூபி என் தட்டை எடுத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. பின்பக்கம் குழாய் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். அவள் திரும்பி வந்தபோது முகமும் கழுவியிருந்தாள்.

"சரி. இப்பச் சொல்லுங்கோ. போறதோ, விடுறதோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை."

"போன முறை தெரிஞ்சதுதானே?"

போன முறை எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "கோபமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்பக் கேளாதேங்கோ பெரியப்பா," என்றாள். பிறகு, "நாளைக்கும் வாங்கோ," என்றாள். கோபத்தில் சொன்னாளா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ரவி பஸ் நிறுத்தம் வரை வந்து என்னை ஏற்றிவிட்டான்.

நாலாம் நாள் முகாமின் நடுவே ஒரு வேப்ப மரத்தடியில் மேசை போட்டு ஆர்.ஐ. உட்கார்ந்திருந்தார். வரிசை அவ்வளவு நீளமில்லை. நான் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ரூபி என்னைப் பார்த்தாள், பக்கத்தில் வரவில்லை. அவள் முறை வந்ததும் ரவியும் கூட நின்றான்.

"என்னம்மா, போறீகளா, இருக்கீகளா?"

"புள்ளைக்குப் பரீட்சை இருக்கு சார். அது முடியட்டும்."

"அப்ப இல்லன்னு போட்டுக்கவா?"

"இப்ப இல்லன்னு போடுங்க சார்."

"அப்படி எழுத இதுல எடம் இல்லம்மா. போறேன், இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ரூபி ரவியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து, கையில் காய்ந்திருந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டினான். அப்புறம் அவனே, "இல்லன்னு போடுங்க சார்," என்றான்.

நான் எழுந்து போய், "நான் சொன்னதாலயோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே," என்றாள் ரூபி. "பிள்ளைக்குப் பரீட்சை."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. ரவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வந்திருக்காவிட்டால் அவன் ஊருக்குப் போயிருப்பானோ? போனால் நன்றாக இருந்திருப்பானோ? அங்கே இப்போது குண்டு விழுவதில்லை. இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் கேட்டால் சொல்வதற்குப் பயமாக இருக்கும் விஷயங்களும் இருக்கின்றன. இதில் எதைக் கூட்டி எதைக் கழிப்பது என்று ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்குத் தெரியவில்லை.

என்னை ஏற்றிவிட ரூபி மட்டும் சாலைக்கு வந்தாள். வெயில். நிறுத்தத்தில் நிழல் இல்லை. அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த நாலைஞ்சு வருசமும் அப்பா அங்க என்ன செய்தவர்?"

"ஏன், உனக்குத் தெரியாதோ?"

"செத்ததைத்தான் எல்லாரும் சொன்னவை. இருந்ததை ஒருத்தரும் சொல்லேல்ல."

நான் சொல்லத் தொடங்கினேன். மிளகாய் வைத்தான். முதல் வருடம் எல்லாம் கருகிப்போனது; இரண்டாம் வருடம் காய்த்துக் கொட்டியது. இந்தப் பக்கத்தில் கற்றுக்கொண்டதென்று பரோட்டா போட்டுக் காட்டுகிறேன் என்று மாவைச் சுழற்றிக் கூரையில் ஒட்டவைத்தான். மணி மூன்று நாள் அதைச் சுரண்டினாள். ஜோயலுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டக் கூட்டிப்போய், வரும்போது கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுக் கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். வாசலில் கதவு போடாமலே ஒரு வருடம் இருந்தான். முகாமில் பத்துக்குப் பத்து அறையில் அத்தனை வருடம் இருந்தவனுக்குக் கதவு எதற்கு என்பான்.

பஸ் வந்து நின்றது. நான் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். நடத்துனர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பெருசு, ஏறுறீகளா, இல்ல அடுத்த வண்டியில வாரீகளா? கதைய வீட்டுல போயிச் சொல்லலாம்ல?"

நான் ஏறினேன். ரூபி முகாம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பின்னாலேயே அவளும் ஏறிவிட்டாள். அடுப்பில் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இரண்டு பேர் இருக்கை ஒன்று காலியாக இருந்தது; என்னை ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா எறங்கணும்?" என்றார் நடத்துனர். "ஒனக்கு ஃப்ரீ. பெருசுக்குத்தான் டிக்கெட்டு."

"பசுமலை," என்றாள் ரூபி. அப்புறம் என்னிடம் திரும்பி, "குழி மூடின அண்டைக்கு எப்பிடி இருந்தவர்? அதைச் சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன். தாசன்தான் முதல் கூடை மண்ணைக் கொட்டினான். குழி நிறைந்ததும் ஜோயல் அதன் மேல் ஏறிக் குதித்தான். மண் இறுக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தாசனும் கூடக் குதித்தான். வேட்டி அவிழ்ந்துவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு குதித்தான். மணி வாசலில் நின்று, ஊர்ச் சனம் பார்க்கிறது, வெட்கமில்லையோ என்று இருவரையும் திட்டினாள்.

ரூபி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"பிறகு?" என்றாள்.